லிம்மாத் கரை மைதானமும் சிவமணியும்

சிவமணிக்கு முதல் பார்வையில் பேஸ்போல் பிடிக்கவில்லை. எல்லே விளையாட்டை யாரோ தூக்கிக்கொண்டு போய்க் கெடுத்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள்.

அது 1992ஆம் ஆண்டு மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. சுவிஸில் ஷ்லீரன் நகரத்துக்கு மேற்கே, லிம்மாத் ஆற்றுக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் ஒதுங்கிக் கிடந்த ஒரு சின்ன ஊரில் அவள் குடியிருந்தாள். கிழமை நாட்களில் ஷ்லீரனில் ஒரு பெரிய சலவைத் தொழிற்சாலையில் வேலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மலை மலையாக வந்து இறங்கும். சனி ஞாயிறுகளில் ஊரின் பேஸ்போல் மைதானத்தில் உடுப்பு மாற்றும் அறைகளையும் கழிவறைகளையும் துப்புரவு செய்யும் வேலை புதிதாகக் கிடைத்திருந்தது. சுவிஸ் நாட்டின் முதல் பிரிவில் ஆடிய அணி ஒன்றின் மைதானம் அது. முதல் பிரிவு என்றாலும், ஆட்டக்காரர்களில் ஒருவர் தபால்காரர், ஒருவர் பல் வைத்தியர், இரண்டு பேர் ரயில்வேயில் வேலை. சம்பளம் வாங்கி விளையாடியவர் டேல் என்ற அமெரிக்கர் ஒருவர் மட்டுந்தான்.

வேலை முடித்து வீட்டுக்கு வந்தவள் கணவனிடம் சொன்னாள்:

"இஞ்சருங்க, அங்க வெள்ளைக்காரனுகள் எல்லே விளையாடுறானுகள். ஆனா ஒருத்தனுக்கும் சரியா விளையாடத் தெரியல்ல."

சிவானந்தராசா சூக் நகரத்து ரெஸ்டோரண்ட் ஒன்றின் குசினியில் வேலை செய்பவர். கிழமையில் ஒரு நாள் ஓய்வு. அந்த ஒரு நாளில் கட்டிலை விட்டு எழும்பவே மனம் வராது. "அது எல்லே இல்ல சிவமணி, பேஸ்போல்" என்றார்.

"என்னவோ. பந்து எறியிறவன் எதிர்ப்பக்கத்துக்காரன். அடிக்கவிடக் கூடாதெண்டே எறியிறான். ஓடுறவன ஆரும் பந்தால அடிக்கிறதும் இல்ல. இதென்ன விளையாட்டு?"

அவளுக்கு அதைச் சொல்ல உரிமை இருந்தது. மட்டக்களப்பில் அவளுடைய பள்ளிக்கூடத்துப் பெண்கள் எல்லே அணிக்கு மூன்று வருடம் தலைவி அவள். எல்லேயில் பந்து போடுகிறவர் நம் பக்கத்து ஆள். நீளத் தடியால் ஓங்கி அடித்துவிட்டு வட்டம் சுற்றி ஓட வேண்டும். எதிர்ப்பக்கத்தார் ஓடுகிறவர் மேல் பந்தை எறிந்து பட்டால் ஆள் அவுட். சிவமணி எறிந்தால் தப்பியவர்கள் குறைவு. 1986இல் சுவிஸுக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்கு இருபத்துநான்கு வயது. அதற்குப் பிறகு ஆறு வருடமாகக் கையில் பந்தே எடுக்கவில்லை.

அடுத்த மாதம் எடுக்க வேண்டி வந்தது. சனிக்கிழமைப் பயிற்சிக்கு ஆள் போதவில்லை. கிளப்பின் செயலாளர் பேஆத் மைதானத்தைச் சுற்றிப் பார்த்தார். அந்தப் பெயரைக் கேட்ட நாளிலிருந்து சிவமணிக்குச் சிரிப்பு; 'பேயாத்து' என்றுதான் வீட்டில் சொல்வாள். வாளியும் தும்புத்தடியுமாக நின்றவளைப் பார்த்து, "அந்த மூலையில் சும்மா நிற்க முடியுமா? பந்து வந்தால் எடுத்துப் போட்டால் போதும்" என்று கேட்டார்.

சிவமணி வாளியை ஓரமாக வைத்தாள். கொடுத்த கையுறை பெரிதாக இருந்தது, கழற்றிப் புல்லில் போட்டாள். மூன்றாவது அடியில் பந்து உருண்டு அவளிடமே வந்தது. டேல் ஓடிக்கொண்டிருந்தார். சிவமணி பந்தைக் குனிந்து எடுத்தாள், ஒரு காலை முன்னால் வைத்தாள், எறிந்தாள். முப்பது மீட்டர் தூரத்தில் ஓடிய டேலின் முதுகில் 'தம்' என்று விழுந்தது பந்து. மனுசன் புல்லில் குப்புற விழுந்தார்.

"அவுட்!" என்று கத்தினாள் சிவமணி.

பல் வைத்தியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். டேல் முதுகைத் தடவியபடி எழும்பி வந்து, "இந்தக் கையை எங்கே வைத்திருந்தீர்கள் இவ்வளவு நாளும்?" என்று கேட்டார். பேஆத் ஓடிவந்து, ஆளை அடிக்கக் கூடாது, பந்தைத் தளத்தில் நிற்பவரிடம் எறிய வேண்டும் என்று மண்ணில் குச்சியால் கீறிக் காட்டினார். சிவமணி முழுவதையும் கேட்டுவிட்டு, "இது வீண் சுற்று" என்று தன் குறைந்த ஜெர்மனில் சொன்னாள். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு மூலையில் போய்த் தானாகவே நின்றாள்.

அந்த வருடக் கடைசியில் கிளப்பில் ஸ்கோர் எழுதுகிற பெண் பேர்ண் நகரத்துக்குக் குடிபோனாள். ஸ்கோர் எழுதுவது லேசான வேலை இல்லை. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு வரிசைக் கட்டம், கட்டத்துக்குள் சாய்சதுரம், யார் எறிந்தது, யார் பிடித்தது, யார் எந்தத் தளத்தில் நின்றது எல்லாவற்றையும் எண்ணாலும் கோட்டாலும் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் அடக்க வேண்டும். சிவமணி அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு கிழமை வைத்துப் பார்த்தாள். அதில் ஜெர்மன் சொல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கண்டுபிடித்ததும் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. பேஆத்திடம் போய், "நான் எழுதுறன்" என்றாள்.

குளிர்காலம் முழுக்கப் பழகினாள். மார்ச்சில் ஒல்டன் நகரத்தில் நடந்த பரீட்சையில் பதினேழு பேரில் இரண்டாவதாகத் தேறினாள். சலவைத் தொழிற்சாலையில் அவளுக்குப் பக்கத்து இயந்திரத்தில் நின்ற ராஜேஸ்வரி, யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிக்காரி, அவளை விட ஐந்து வயது மூத்தவள். அந்தச் சான்றிதழை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உதாலை என்னடி பிள்ளை பிரயோசனம்?"

"அக்கா, நான் எழுதினாத்தான் அது நடந்த ஆட்டம். எழுதாட்டி நடக்காத ஆட்டம்."

"அடி ஆத்தை!" என்றாள் ராஜேஸ்வரி.

அந்தச் சான்றிதழ் என்ன செய்யும் என்று 1995 செப்டெம்பரில் எல்லோருக்கும் தெரிய வந்தது. சொந்த மைதானத்தில் ஓர் ஆட்டம்; அதில் வென்றால் கிளப் அட்டவணையில் முதலிடத்துக்கு வந்துவிடும். கடைசி இன்னிங்ஸ். எதிரணி அடித்துக்கொண்டிருந்தது, கிளப் ஒரு ஓட்டம் முன்னால். மூன்று பேர் அவுட்டானால், கிளப் மறுபடி அடிக்கவே தேவையில்லாமல் ஆட்டம் முடிந்துவிடும். உயரப் பறந்த பந்தொன்றைத் தபால்காரர் ஓடிப்போய்ப் பிடித்தார். அவ்வளவுதான், எல்லோரும் துள்ளிக் குதித்து ஓடிவந்து கட்டிப்பிடித்தார்கள். நடுவர் முகமூடியைக் கழற்றினார். எதிரணிக்காரர்களே கைகொடுக்க வரிசையாக வந்துவிட்டார்கள்.

சிவமணி தன் தாளைப் பார்த்தாள். இரண்டு. இன்னொரு முறை மேலிருந்து கீழே விரல் வைத்து எண்ணினாள். இரண்டுதான்.

மூன்று பேர் அவுட்டாகும் முன்னே அணிகள் ஆட்டத்தை நிறுத்தினால் ஸ்கோர் எழுதுபவர் உடனே நடுவருக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சிவமணி கதிரை மேல் ஏறி நின்று இரண்டு விரலைக் காட்டி, "ட்ஸ்வை! இரண்டுதான்!" என்று கத்தினாள்.

நடுவர் வந்தார். அவருடைய கையில் இருந்த எண்ணும் கருவி மூன்றைக் காட்டியது. சிவமணி அந்த இன்னிங்ஸில் அடித்தவர்களை ஒவ்வொருவராகத் தொட்டுக் காட்டினாள்: இவர் முதல் தளம், இவர் அவுட், இவர் நாலு பிழைப் பந்து வந்ததால் தளத்துக்கு நடந்து போனவர், இவர் இப்போது அவுட். எதிரணியின் ஸ்கோர்காரரும் தன் தாளைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். ஆட்டம் மறுபடி தொடங்கியது. அடுத்து வந்தவன் அடித்த அடியில் எதிரணிக்கு இரண்டு ஓட்டம். தங்கள் கடைசி வாய்ப்பில் கிளப் ஒன்றும் அடிக்க முடியாமல் தோற்றுப் போனது.

பேஆத் இரண்டு கிழமை அவளோடு கதைக்கவில்லை. சிவமணியும் போய்க் கதைக்கவில்லை. வழக்கம்போலக் கழிவறையைக் கழுவினாள், தாளை ஒழுங்காக எழுதினாள். மூன்றாவது கிழமை பேஆத் இரண்டு கோப்பைக் கோப்பியோடு வந்து பக்கத்தில் இருந்தார். "நீங்கள் செய்ததுதான் சரி. ஆனால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது" என்றார்.

"எனக்கும்தான்" என்றாள் சிவமணி.

இதற்கிடையில் அந்த மைதானம் பேஸ்போல்காரர்களுக்கு மட்டும் உரிய இடமாக இருக்கவில்லை. வாசல் பூட்டின் திறப்பு சிவமணியின் கையில் இருந்ததுதான் காரணம். கிளப்பிடம் கேட்டு, ஆட்டம் இல்லாத நேரங்களில் வாசலைத் திறந்துவிடுவாள். போர்த்துக்கல் குடும்பங்கள் ஞாயிறு மத்தியானம் மரத்துக்குக் கீழே மீன் வாட்டுவார்கள். கொசோவோப் பிள்ளைகள் கால்பந்து விளையாடுவார்கள். முதியோர் இல்லத்திலிருந்து நான்கைந்து பேர் சக்கர நாற்காலியில் வெயில் காய வருவார்கள். வருடத்தில் ஒரு நாள், ஓகஸ்ட் மாதத்தில், தமிழர் விளையாட்டுப் போட்டி. அதில் கடைசி நிகழ்ச்சி பெண்கள் எல்லே, மட்டக்களப்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும். 1994இல் ராஜேஸ்வரி அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓட, சிவமணி எறிந்த பந்து அவளுடைய தோளில் பட்டது. ஒரு மாதத்துக்குத் தொழிற்சாலையில் அதைப் பற்றித்தான் கதை.

யார் எப்போது வந்தார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்பதை சிவமணி ஒரு கொப்பியில் எழுதிவந்தாள். யாரும் எழுதச் சொல்லவில்லை. திறந்தவள் எழுதத்தானே வேண்டும் என்று நினைத்தாள்.

1996 ஓகஸ்டில் கிளப்புக்குக் கடிதம் வந்தது. கெமைண்டே, அதாவது ஊராட்சி, மைதானத்து நிலத்தை லொறித் தரிப்பிடமாக மாற்ற யோசிக்கிறது. டிசெம்பரில் ஊர்ச்சபை கூடி முடிவெடுக்கும். பேஆத் கடிதத்தை மேசையில் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"எங்களுக்கு அறுபது அங்கத்தவர்கள். அதில் பாதிப் பேர் வேறு ஊர். சபையில் வாக்குப் போட்டால் தொலைந்தோம்."

"இந்த இடத்துக்கு வாறது அறுபது பேரோ?" என்றாள் சிவமணி. "மற்றவங்க?"

"மற்றவர்களில் பல பேருக்கு வாக்கு இல்லையே."

"வாக்கு இல்லாதவங்க என்னதான் செய்யலாம்?"

பேஆத் யோசித்தார். "மனு கொடுக்கலாம். மனுவில் யாரும் கையெழுத்துப் போடலாம், வெளிநாட்டவரும் போடலாம். ஆனால் அதன்படி நடக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வாசித்துப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்."

"வாசிச்சாப் போதும்" என்றாள் சிவமணி.

அடுத்த மூன்று மாதம் அவளுக்கும் ராஜேஸ்வரிக்கும் வேலை முடிந்த பிறகு இன்னொரு வேலை. ஐந்து மணிக்குத் தொழிற்சாலையிலிருந்து வருவார்கள், ஒரு தேத்தண்ணி, பிறகு வீடு வீடாக. இத்தாலிக் கிழவர் ஒருவர் கையெழுத்தும் போட்டு, உள்ளே கூப்பிட்டுத் தக்காளியும் கொடுத்துவிட்டார். ஒரு வீட்டில் நாய் துரத்தியது. ஒரு பெண், "உங்கள் நாட்டில் போய் விளையாடுங்கள்" என்று கதவைச் சாத்தினாள். ராஜேஸ்வரிக்கு முகம் சுருங்கிப் போயிற்று. "வாடி பிள்ளை, இந்த மாடியை விட்டிட்டுப் போவம்" என்றாள். சிவமணி மேலே ஏறி அடுத்த மணியை அடித்தாள்.

எல்லோரும் பயமுறுத்தி வைத்திருந்த வீடு ஹெர் ஸ்டுக்கி, அதாவது திருவாளர் ஸ்டுக்கியுடையது. மைதானத்து வலப்பக்க வேலிக்கும் ஒடுக்கமான தெருவுக்கும் அப்பால் அவருடைய தோட்டமும் கண்ணாடிக் கூடாரமும். உள்ளே தக்காளியும் ரோசாக் கன்றுகளும் வளர்ப்பார். கெமைண்டேக்கு வருடம் தவறாமல் முறைப்பாடு எழுதுகிற மனுசன். கதவைத் திறந்தவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"என் கண்ணாடியை உடைக்கிற கூட்டம்தானே நீங்கள்?"

"ஓம். கடைசியா உடைஞ்சது யூலை பதினாலு. ஏழாவது இன்னிங்ஸ். டேல் அடிச்ச பந்து."

ஸ்டுக்கி கொஞ்சம் திகைத்துப் போனார். "ஐந்து தடவை உடைத்திருக்கிறீர்கள்."

"நாலு."

"ஐந்து!"

"நாலு தரம் எங்கட பந்து. ஐந்தாவது போன வருசம் யூனில. அண்டைக்கு மழையால ஆட்டமே நடக்கல்ல. அது ஆலங்கட்டி விழுந்து உடைஞ்சது."

ஸ்டுக்கிக்கு மீசைக்குள்ளால் ஒரு சிரிப்பு வந்தது. "ஆலங்கட்டிதான்" என்று ஒத்துக்கொண்டார். உள்ளே வரச் சொன்னார். சிவமணி சுற்றி வளைக்கவில்லை. "லொறி விடியக் காலமை நாலு மணிக்கு ஸ்டார்ட் பண்ணும், ஹெர் ஸ்டுக்கி. ஒவ்வொரு நாளும். எங்கட பந்து வருசத்தில ஒண்டோ ரெண்டோ. உங்கட பக்கத்துக்கு உயரமான வலை ஒண்டு வேணும் எண்டு மனுவில நான் எழுதிவிடுறன்" என்றாள். அந்த வரியை அவர் முன்னாலேயே எழுதினாள். எழுத்துப் பிழையை அவர் திருத்தினார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

டிசெம்பரில் எண்ணூற்று முப்பத்தேழு கையெழுத்துகளோடு மனு போய்ச் சேர்ந்தது. ஊரில் இருந்ததே நாலாயிரம் பேர்தான்.

ஊர்ச்சபை பள்ளிக்கூட மண்டபத்தில் கூடியது. வாக்குரிமை உள்ளவர்கள் நடுவில். மற்றவர்களுக்குச் சுவரோரம் வாங்குகள். அன்றைக்கு அந்தச் சுவரோரம் நிரம்பி வழிந்தது. சிவானந்தராசா வேலையில் லீவு எடுத்துக்கொண்டு வந்து ராஜேஸ்வரிக்குப் பக்கத்தில் இருந்தார். பேஆத் எழும்பி, விருந்தினர் ஒருவரைப் பேச விட வேண்டும் என்று கேட்டார். தலைவர் சபையைக் கேட்டார். கைகள் உயர்ந்தன, அனுமதி கிடைத்தது.

சிவமணி கொப்பியோடு முன்னால் போனாள். கொப்பியில் இருந்ததைத்தான் வாசிக்கப் போகிறாள், அதில் அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

"இந்த வருடம் ஏப்ரலிலிருந்து ஒக்டோபர் வரை முப்பது வாரக்கடைசி. மைதானத்துக்கு வந்தவர்கள் ஐயாயிரத்து எண்ணூற்று நாற்பது பேர். அதில் பேஸ்போலுக்கு வந்தவர்கள் ஆயிரத்துத் தொளாயிரம். மற்றவர்கள் யார் என்று இப்போது வாசிக்கிறேன்."

வாசித்தாள். முதியோர் இல்லம், இருபத்திரண்டு ஞாயிறு. தீயணைப்புப் படைப் பயிற்சி, நான்கு சனி. தபால்காரரின் மகளுடைய கல்யாணம். போர்த்துக்கல், கொசோவோ, தமிழர், ஊர்ப் பள்ளிக்கூடத்து ஓட்டப் போட்டி. நடுவில் இருந்தவர்கள் தங்கள் தங்கள் பெயர் வரும்போது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மூன்றாவது வரிசையில் ஒருவர் எழும்பினார். "இந்த எண்ணிக்கையை எழுதியது நீங்களே. சரி என்று எப்படி நம்புவது?"

சிவமணி பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒரு கரகரத்த குரல் கேட்டது. ஹெர் ஸ்டுக்கி. "போன வருடம் செப்டெம்பரில் இவள் எண்ணின எண்ணிக்கையால் இவளுடைய சொந்தக் கிளப் தோற்றது. என் தோட்டத்திலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் நாலு என்றால் நாலு. எனக்கு அது நன்றாகத் தெரியும்."

மண்டபம் சிரித்தது. தலைவர் மேசையில் தட்டினார்.

லொறித் திட்டத்துக்கு ஆதரவு நூற்று இருபத்தொன்று, எதிர்ப்பு நூற்று நாற்பத்துமூன்று. திட்டம் விழுந்தது. சுவரோரம் இருந்தவர்கள் எழும்பிக் கைதட்ட, ராஜேஸ்வரி, "எடி, உன்ரை கொப்பி!" என்று சிவமணியைக் கட்டிப்பிடித்து அழுதே விட்டாள்.

வெற்றி முழுதாகக் கிடைக்கவில்லை. அதே சபை, தெருவை அகலமாக்குவதற்கு மைதானத்தின் வலப்பக்கத்தில் பதினைந்து மீட்டரை வெட்டி எடுத்தது. வேலி உள்ளே வந்தது; அதன்மேல் எட்டு மீட்டர் உயர வலை. வலப்பக்க வேலியைத் தாண்டி அடிப்பது இப்போது லேசு என்று 1997இல் வந்த அணிகள் எல்லாம் முறையிட்டன. "வேலி ரெண்டு அணிக்கும் ஒரே இடத்திலதான் நிக்குது" என்பாள் சிவமணி. அதற்குள் அவள் மைதானப் பொறுப்பாளர். கெமைண்டே அந்தப் பதவியை அறிவித்தபோது பதினொரு பேர் விண்ணப்பித்தார்கள். அந்தப் புல்லில் எந்த மூலையில் தண்ணீர் தேங்கும் என்று சொல்லத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். சலவைத் தொழிற்சாலையில் அரை நாள், மைதானத்தில் அரை நாள் என்று மாற்றிக்கொண்டாள். புல்வெட்டும் வண்டியில் ஏறிக் குந்திக்கொண்டு வரும்போது, வேலிக்கு அப்பாலிருந்து ஸ்டுக்கி, இடப்பக்கம் விட்டுப்போயிற்று என்று கையைக் காட்டுவார். விட்டுப்போயிருக்காது.

1999 யூனில் அதே மண்டபத்தில் ஊர்ச்சபை கூடியபோது நிகழ்ச்சி நிரலில் நான்காவது விடயம் அவளுடைய குடும்பத்துக்குக் குடியுரிமை கொடுப்பது. வாக்கெடுக்கும்போது விண்ணப்பித்தவர்கள் வெளியே போய் நிற்க வேண்டும். சிவானந்தராசா தாழ்வாரத்தில் அங்குமிங்கும் நடந்தார். கழுத்துப் பட்டியை மூன்று தரம் அவிழ்த்துக் கட்டினார். பதினொரு வயது மகள் நிலோஜினி படியில் குந்தியிருந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். சிவமணி நிகழ்ச்சி நிரலை வாசித்துக்கொண்டு நின்றாள்.

"உனக்குப் பயமில்லையா?" என்றார் அவர்.

"என்னத்துக்கு? உள்ளுக்குள்ள இருக்கிறவங்கள எல்லாம் எனக்குத் தெரியுந்தானே. இஞ்ச பாருங்க, அஞ்சாவது விசயம். மைதானத்துக்குக் கீழால கழிவுநீர்க் குழாய் போடப் போறாங்களாம். யூலையில தோண்டுறதாம்!"

"சிவமணி, இப்ப குழாயா முக்கியம்?"

கதவு திறந்தது. உள்ளேயிருந்து கைதட்டல் வந்தது, மூவரும் உள்ளே போனார்கள். நூற்று எழுபத்தொன்பது ஆம், பதினொன்று இல்லை என்று தலைவர் அறிவித்தார். சிவானந்தராசாவுக்குக் கண் கலங்கியது. மனைவியின் கையைப் பிடித்தபடி எல்லோருக்கும் தலைகுனிந்து நன்றி சொன்னார். மாநிலமும் பேர்ணில் இருக்கும் மத்திய அரசும் கடதாசிகளை முடித்துத் தர இன்னும் சில மாதம் ஆகும். ஆனால் ஊர் தன் முடிவைச் சொல்லிவிட்டது. வீட்டில் பாயசம் காய்ச்சி வைத்திருக்கிறது, போவோம் என்று மனைவியின் காதில் சொன்னார்.

"இருங்க, இருங்க" என்று சொல்லி சிவமணி அங்கேயே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

தலைவர் கண்ணாடியைச் சரிசெய்து அடுத்த விடயத்தை வாசித்தார். பொறியியலாளர் வரைபடத்தைத் தொங்கவிட்டார். குழாய், பந்து எறிகிறவர் நிற்கும் மேட்டுக்கு நேர் கீழே போனது. யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று தலைவர் கேட்டுவிட்டு, முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"மைதானப் பொறுப்பாளர்?"

சிவமணி எழும்பினாள். "ஆட்டக் காலம் முடியுறது செப்டெம்பர் இருபத்தாறு. அதுக்குப் பிறகு தோண்டலாம். அந்த மேட்டுக் களிமண்ணை எடுத்துத் தனியா மூடி வைக்கோணும், மற்ற மண்ணோட கலந்தா வசந்தத்தில அது இறுகாது" என்றாள்.

பொறியியலாளர் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து வரைபடத்தின் ஓரத்தில் அதைக் குறித்துக்கொண்டார்.